அட்வான்ஸ் பணத்தில் கை வைக்காதீர்கள்: வீட்டை வாடகைக்கு விடுவோர் செய்யும் தவறுகள்

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞர் கடன் வாங்கி அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கி, முதன்முறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகை 15,000 ரூபாய். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 1,50,000. "அந்தப் பணத்தில் மூன்று தவணை கட்டிவிட்டேன், சார்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது.

வெள்ளையடிப்பது, குழாய் ஒழுகுவதைச் சரிசெய்வது எல்லாம் அவரவரே கற்றுக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அட்வான்ஸைச் செலவழிப்பது

நானும் இதைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன், மாடிப் போர்ஷனுக்கு 9,000 வாடகை, 90,000 அட்வான்ஸ். வாங்கிய மாதமே மொட்டைமாடிக்குத் தட்டோடு பதித்துப் பணத்தைத் தீர்த்தேன். இரண்டாம் ஆண்டில் குடியிருந்தவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. முறையாக ஒரு மாதம் முன்பே சொன்னார். கொடுக்க என்னிடம் பணமில்லை.

புதிதாக வருபவர் தரும் அட்வான்ஸை வாங்கிப் பழையவருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் என்ன ஆனது? யார், எங்கே வேலை, முன்பு குடியிருந்த வீட்டை ஏன் காலி செய்தார் என்று எதுவும் கேட்காமல், முதலில் பணத்தோடு வந்தவருக்கே சாவியைக் கொடுத்தேன். அதிலும் அவர் தந்தது பாதித் தொகைதான். லாரியில் சாமான் ஏற்றிவிட்டுப் பழையவர் வாசலில் காத்திருக்க, மனைவியின் வளையலை அடகு வைத்து மீதியைக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் புது ஊரில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மனிதரை அப்படி நிற்க வைத்தது இன்றும் உறுத்துகிறது.

புதியவர் நான்காம் மாதத்திலிருந்து வாடகையை நிறுத்தினார். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். அது தீரும்வரை இருந்துவிட்டுப் போனார். உடைந்த வாஷ்பேசினும் மின்கட்டண பாக்கியும் என் தலையில் விழுந்தன. பிடித்தம் செய்ய ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

அட்வான்ஸ் குடியிருப்பவரின் பணம். சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக நம்மிடம் இருக்கிறது, அவ்வளவே. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தரவும் சொல்கிறது. ஆகவே குறைவாக வாங்குங்கள். ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்கி, அன்றே வைப்பு நிதியில் போடுங்கள். மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்க முடியாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துப் புகைப்படம் எடுத்து, மீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம் போதும் என்பது

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் இது. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாததைச் சான்றாக ஏற்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்தால் போதாது.

வாடகை முழுவதும் வருமானம் என்று நினைப்பது

60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 15,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். சொத்து வரி, பராமரிப்பு, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் இவையெல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். தவணையை வாடகையே கட்டிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

வாடகை வராவிட்டால் தண்ணீரை நிறுத்துவது

சட்டம் தடுக்கிறது. செய்யாதீர்கள்.

பழைய பூட்டு

குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.