பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை, தரைக்குப் பழத்தோல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

‘இயற்கை’ என்று பச்சை லேபிள் ஒட்டிய கிளீனர் பாட்டில்களை ஒரே நாளில் வாங்கிக் குவித்துவிட்டு, வீட்டில் பாதி இருப்பதைக் குப்பையில் போடாதீர்கள். அதனால் கூடுவது குப்பை மட்டும்தான். கையில் இருக்கும் பாத்திரம் கழுவும் ஜெல்லும் தரைக் கிளீனரும் தீரட்டும். எது முதலில் தீர்கிறதோ அதற்கு மட்டும் மாற்று செய்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பாத்திரம் கழுவுவதுதான் முதலில் தீரும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

பூந்திக்கொட்டைத் திரவம்

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை என்று கேட்டால் கொடுப்பார்கள். சில ஊர்களில் பூந்திக்காய் என்பார்கள். பட்டுப்புடவையையும் தங்க நகையையும் இதில் அலசுவது பழைய வழக்கம்தான். சுருங்கிப்போன அந்தத் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. நுரை வருவதும் எண்ணெய் விடுவதும் அதனால்தான். உள்ளே இருக்கும் கறுப்பு விதையால் நமக்கு வேலையில்லை, ஆனால் எடையில் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். விதை நீக்கியது கிடைத்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள். முழுக் கொட்டைதான் கிடைத்தது என்றால் அம்மிக்குழவியால் தட்டி விதையை எடுத்துவிடுங்கள்.

1. 100 கிராம் தோலை 1 லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள்.

2. காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். பால் பொங்குவது போல நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும். லேசான புளிப்பு வாடையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

3. நன்றாக ஆறியதும் கையால் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். பழுப்பு நிறத்தில் கஷாயம் போல இருக்கும். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும், குழந்தைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

4. பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள். இதில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஒரே தடவையில் நிறையச் செய்தால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, தேவைக்கு ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம்.

கழுவும்போது முதலில் கண்ணில் படுவது நுரை குறைவாக இருப்பதுதான். ஜெல் போட்டுப் பழகிய கைக்கு ‘சுத்தமே ஆகவில்லை’ என்று தோன்றும், மேலும் மேலும் ஊற்றச் சொல்லும். கழுவிய தட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இல்லையென்றால் போதும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சாதாரண சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்து வெள்ளையாகப் படியும், சபோனின் அப்படித் திரிவதில்லை.

வடை சுட்ட வாணலி, கறிக்குழம்புச் சட்டி என்றால் இது மட்டும் போதாது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பழைய செய்தித்தாளால் எண்ணெயை வழித்து எடுங்கள். அடுத்து கொஞ்சம் கடலை மாவோ தவிடோ தூவித் தேய்த்தால் மிச்ச எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு வெந்நீரில் பூந்திக்கொட்டைத் திரவம். பித்தளைக்கும் செம்புக்கும் புளியை மிஞ்ச எதுவும் இல்லை. அது புதிதாகச் சொல்லித் தரவேண்டிய விஷயமும் இல்லை.

தேய்க்கும் பச்சை நாரும் பிளாஸ்டிக்தான், தேயத் தேயத் துணுக்குகளாகச் சாக்கடைக்குப் போகும். கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார் போதும். தோலை உரித்து, விதையை உதறி, துண்டாக்கினால் தீர்ந்தது. வேலை முடிந்ததும் தொங்கவிட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். தேங்காய் நார் இரும்புச் சட்டிக்கு நல்லது, நான்ஸ்டிக்கில் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. ‘இயற்கை’ என்றால் எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம் என்று அர்த்தம் இல்லை. சபோனின் மீன்களுக்கு நஞ்சு. கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், மீன் தொட்டிக்கும் குளத்துக்கும் போகவிடக்கூடாது.

பழத்தோல் கரைசல்

தரை துடைக்க, பழத்தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்து எடுக்கும் கரைசல் இது. இதை ‘பயோ என்சைம்’ என்பார்கள். பரப்பியவர்களில் முக்கியமானவர் தாய்லாந்தின் டாக்டர் ரோசுகோன் பூம்பன்வோங். அளவு 1:3:10. அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல், 1 லிட்டர் தண்ணீர். தோலுக்குக் காசு செலவில்லை, ஜூஸ் கடையில் கேட்டால் ஒரு பையே தருவார்கள். அழுகியதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். புளிக்கும்போது வாயு கிளம்பும், மூடி இறுக்கமாக இருந்தால் கண்ணாடி வெடிக்கும். இரண்டு லிட்டர் பழைய குளிர்பான பாட்டில் இதற்குத் தோது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தோலைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மேலே கால்வாசி இடம் விட்டு மூடுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் திருகி ‘புஸ்’ என்று காற்றை வெளியே விடவேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். மேலே வெள்ளைப் படலம் வந்தால் பயப்படவேண்டாம். கறுப்புப் பூசணம் வந்தால் இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்ப்பார்கள். மூன்று மாதம் முடிந்ததும் வடிகட்டுங்கள். புளிப்பும் பழவாசனையும் கலந்த மணம் வரவேண்டும். அழுகல் நாற்றம் என்றால் தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டிவிடுங்கள்.

ஒரு வாளித் தண்ணீருக்கு அரை டம்ளர் ஊற்றித் தரை துடைக்கலாம். குளியலறை டைல்ஸுக்கு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். ஆனால் கடப்பா கல், மார்பிள், மொசைக் தரை உள்ள வீடுகள் இதைத் தவிர்க்கவும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, மார்பிளும் அப்படியே, மொசைக்கில் இருப்பது சிமென்டும் சலவைக்கல் சில்லுகளும். புளித்த கரைசலில் இருக்கும் அமிலம் பட்டால் இவற்றின் பளபளப்பு போய்விடும். கிரானைட்டும் டைல்ஸும் தாங்கும்.

பிளீச்சிங் பவுடரோடு இதைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். இந்தக் கரைசல் ஓசோனை உண்டாக்கும், நோய்க்கிருமி அத்தனையையும் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பவேண்டாம். அழுக்கும் வாடையும் போகும், அவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் அந்தக் குளியலறைக்குப் பிளீச்சிங் பவுடரைத்தான் கரைக்கவேண்டும், அதில் பிடிவாதம் கூடாது.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவிடும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். சோடாவைத் தூவித் தேய்த்துக் கழுவிவிட்டு, குழாயில் படிந்த வெள்ளை உப்புக்குத் தனியாக வினிகரோ எலுமிச்சையோ போடுங்கள்.

வடிகட்டியதில் மிஞ்சும் பழத்தோல் சக்கையை அடுத்த பாட்டிலில் ஒரு கைப்பிடி போட்டால் அது சீக்கிரம் புளிக்கத் தொடங்கும். பூந்திக்கொட்டைச் சக்கையில் இன்னும் கொஞ்சம் நுரை மிச்சம் இருக்கும். அதை வைத்து சிங்க்கைத் தேய்த்துவிட்டு உரக்குழியில் போடுங்கள்.