கேம்பர்வேன் லெஷர் பேட்டரியை ஹூக்-அப் மின்சாரத்தில் முழுமையாகச் சார்ஜ் செய்வது எப்படி?

பிரிட்டனில் தங்கும் வசதியுள்ள கேம்பர்வேன் வாங்குவோரில் பலர், கூரை மேலுள்ள சோலார் தகடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நவம்பர் மாதம் சில நாட்கள் தங்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை தளர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது முகாம் தளத்தின் மின்தூண்தான்; அதோடு வண்டியைக் கேபிளால் இணைப்பதையே ஹூக்-அப் என்கிறோம். ஆனால் தூணில் கேபிளைச் செருகி, வண்டிக்குள் விளக்கு எரிவதைப் பார்த்ததும் லெஷர் பேட்டரியும் (வண்டிக்குள் உள்ள விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கான பேட்டரி) சார்ஜ் ஆகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு. நாங்கள் பழைய வேன் ஒன்றை வாங்கியபோது அதில் விளக்குகள் நன்றாக எரிந்தன. பேட்டரிக்கு மட்டும் ஒரு சொட்டு மின்சாரமும் போய்ச் சேரவில்லை. அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்த முறையையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது 110 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஏ.ஜி.எம். பேட்டரி (மூடிய ஈய-அமில வகை), வண்டியில் நிலையாகப் பொருத்திய 20 ஆம்பியர் சார்ஜர், வெளிப்புறத்தில் நீல நிற 16 ஆம்பியர் இணைப்பு. ஆர்.சி.டி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிப்பது) எம்.சி.பி.களும் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிப்பவை) கொண்ட மின்பெட்டி வண்டிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால், தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைப் பொருத்திய பிறகே மேலே தொடருங்கள். 230 வோல்ட்டில் சோதனை முயற்சிகள் வேண்டாம்.

படி 1: சார்ஜரைச் சரிபார்த்தல்

பழைய வண்டிகள் பலவற்றில் இருக்கும் மின்வழங்கி, எப்போதும் 13.8 வோல்ட்டை மட்டுமே தரும். அதைக் கொண்டு விளக்கு எரிக்கலாம், ஃபிரிட்ஜை ஓட்டலாம். பாதி காலியான ஏ.ஜி.எம். பேட்டரியை முழுமையாக நிரப்புவது மிகவும் கடினம். அரைகுறைச் சார்ஜிலேயே நாட்களைக் கடத்தும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் கொள்ளளவு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஆகவே முதலில் முழு மின்னோட்டத்தைச் செலுத்தி, 14.4 வோல்ட்டை எட்டியதும் அதிலேயே சில மணி நேரம் நிறுத்தி, பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட் வரையிலான பராமரிப்பு நிலைக்கு இறங்கும் பலகட்ட சார்ஜரையே வாங்குங்கள். என் விருப்பம் விக்ட்ரான் நிறுவனத்தின் புளூ ஸ்மார்ட் வகை. வோல்ட்டும் ஆம்பியரும் கைப்பேசியிலேயே தெரிவதால், ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. எதை வாங்கினாலும் பேட்டரி உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள வோல்ட் அளவைப் பார்த்து, அதற்குரிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஈய-அமில வகைக்கு, பேட்டரியின் ஆம்பியர்-மணியில் 10 முதல் 20 சதவீதம் வரையிலான சார்ஜர் பொருத்தமானது.

படி 2: தூணும் கேபிளும்

2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பிகள் கொண்ட 25 மீட்டர் கேபிளே இங்கு வழக்கத்தில் உள்ளது. அதைச் சுருளாக விடாமல் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுருளில் அதிக மின்னோட்டம் ஓடினால் கேபிள் சூடாகி உறை உருகிவிடும். வண்டிப் பக்கம் முதலில், தூண் பக்கம் கடைசியில் செருக வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர்மாறாக, தூணில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மின்சாரம் பாயும் முனை எந்த நேரத்திலும் ஈரப் புல்லில் கிடக்காது. சில தூண்களில் செருகியதைத் திருகிப் பூட்டினால்தான் மின்சாரம் வரும்.

பிறகு வண்டிக்குள் ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விழாவிட்டால் அந்த இணைப்பைப் பயன்படுத்த வேண்டாம். விழுந்தால் மீண்டும் ஏற்றிவிட்டு சார்ஜரின் சுவிட்சைப் போடுங்கள். சார்ஜருக்கெனத் தனிச் சுவிட்ச் இருப்பதே சில வண்டிகளில் கண்ணில் படாது. அலமாரிக்குப் பின்னாலும் தேடிப் பாருங்கள்.

படி 3: பேட்டரி முனையில் அளத்தல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். சுவரிலுள்ள கட்டுப்பாட்டுப் பலகை 13.9 என்று காட்டுவதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். பல வண்டிகளில் அந்த எண், சார்ஜருக்கும் விளக்குகளுக்கும் இடையிலுள்ள கம்பியின் வோல்ட் அளவு மட்டுமே. சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஃபியூஸ் போயிருந்தாலும் பலகை அதே 13.9-ஐக் காட்டும், விளக்குகளும் எரியும். ஹூக்-அப்பைக் கழற்றியதும் எல்லாம் மங்கும் அல்லது அணைந்துவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று புதியது வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள்.

ஹூக்-அப்பை இணைக்கும் முன், எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் கழித்து, மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே நேரடியாக வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 12.7 வோல்ட் என்றால் ஏறத்தாழ முழுச் சார்ஜ்; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. பிறகு சார்ஜரை ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் அளங்கள். 13-ஐத் தாண்டி மேலேறிக்கொண்டிருந்தால் சரி. முன்பிருந்த அதே 12.2-இல் நின்றால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

தடையைத் தேட, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையைச் சார்ஜரிலிருந்து பேட்டரி நோக்கிப் படிப்படியாக நகர்த்துங்கள். எங்கள் வண்டியில் சார்ஜர் முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் இருந்தது; பயணி இருக்கைக்கு அடியிலுள்ள ஃபியூஸின் ஒரு காலிலும் அதே அளவு இருந்தது; மறு காலில் 12.2 மட்டுமே. ஃபியூஸை உருவிப் பார்த்தால் அதன் கம்பி அறுபடவில்லை. பிடிப்பானுக்குள் இருந்த செப்புத் தகடு பச்சைக் களிம்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. ஆகவே ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிடாமல், இரு கால்களிலும் அளந்து பாருங்கள். சூடேறிப் பழுப்பான பிடிப்பானைச் சுத்தம் செய்து ஓட்ட முயலாதீர்கள்; ஹூக்-அப்பையும் சார்ஜரையும் அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, பிடிப்பானையே மாற்றுங்கள். பழைய ஃபியூஸைவிட அதிக ஆம்பியர் கொண்டதை ஒருபோதும் போடாதீர்கள். அந்தக் கம்பி தீப்பிடிக்காமல் காப்பது அந்த எண்தான்.

சிவப்புப் பக்கம் சரியாக இருந்தும் வோல்ட் ஏறவில்லையென்றால், சார்ஜரின் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளங்கள். சார்ஜ் ஆகும்போது அங்கே ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால், வண்டியின் உடலோடு இணைத்த போல்ட் துருப்பிடித்திருக்கக்கூடும்.

இந்த வேலைக்கு மல்டிமீட்டரை அடுத்து நான் பரிந்துரைப்பது, பேட்டரிக் கம்பியில் ஓடும் டி.சி. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர். கம்பியைக் கவ்வியதுமே எத்தனை ஆம்பியர் பேட்டரிக்குள் போகிறது என்று சொல்லிவிடும். மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும் என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

படி 4: காத்திருத்தல்

பாதி காலியான 110 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு முதல் இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி ஏறிவிடும். கடைசி 20 சதவீதம்தான் நேரம் எடுக்கும். மொத்தத்தில் 6 முதல் 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இணைத்து மறுநாள் காலை கழற்றுவது சரியான கணக்கு.

சார்ஜர் தூணிலிருந்து எடுப்பது ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவே. தூணின் பிரேக்கர் விழுந்தால் காரணம் பெரும்பாலும் 2 கிலோவாட் கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்து ஓடுவதுதான். பண்ணை நிலங்களில் நடக்கும் சிறு தளங்களில் தூண் 10 அல்லது 6 ஆம்பியராகவும் இருக்கலாம். அங்கே 750 வாட் கெட்டில் போதும்.

பின்னர் சேர்த்தது: வாசகர்கள் எழுப்பிய மூன்று சிக்கல்கள். பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அதைப் பேட்டரி என்றே அறியாமல் தொடங்க மறுக்கும். சிலவற்றில் இதற்கென மீட்பு நிலை உண்டு. 10 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த ஈய-அமில பேட்டரியை மீட்டாலும் பழைய கொள்ளளவு அநேகமாகத் திரும்பாது. லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் சார்ஜர் அமைப்பையும் லித்தியத்துக்கு மாற்ற வேண்டும். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், குளிரில் தடுத்துநிறுத்தும் பாதுகாப்பு அதில் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு முற்றத்தில் 13 ஆம்பியர் பிளக்குக்கான மாற்று இணைப்பைப் பயன்படுத்துவோர், ஆர்.சி.டி. பாதுகாப்புள்ள சாக்கெட்டில் மட்டும் செருகி, சார்ஜரைத் தவிர வேறெதையும் அதில் ஓட்டாமல் இருங்கள்.