பக்கவாத சிகிச்சை: வாசலிலிருந்து ஊசி வரை நேரத்தைக் குறைக்கும் வழி

மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பதையும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதையும் அறியாத மருத்துவமனை சென்னையில் இராது. ஆயினும் நோயாளி வந்து சேர்ந்த 60 நிமிடங்களுக்குள் ஊசி ஏற வேண்டும் என்ற இலக்கு தவறுகிறதென்றால், பெரும்பாலும் ஒருவர் தம் வேலையை முடிக்கும்வரை அடுத்தவர் கைகட்டி நிற்பதே காரணம்.

முதல் வேலை முன்னறிவிப்பு. 108 ஆம்புலன்ஸிலிருந்து தகவல் வந்தவுடன் அவசரப் பிரிவு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன், ஆய்வகம் ஆகிய அனைவருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போக வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம். மணி அடித்து, எடுத்துப் பதில் சொல்லும் அழைப்பாக இருக்கட்டும். நம் ஊரில் பலர் ஆட்டோவிலோ சொந்தக் காரிலோ வந்து இறங்குவதால், வாய்க்கோணல், கைத்தளர்ச்சி, பேச்சுக்குழறல் ஆகியவற்றை வாசல் காவலரும் பதிவு ஊழியரும் அடையாளம் கண்டு அதே அழைப்பைக் கொடுக்கப் பழக்க வேண்டும்.

அதிகம் பிழை நேர்வது உறவினரிடம் கேட்கும் கேள்வியில்தான். "எப்போது வந்தது?" என்று கேட்டால், "காலையில் எழுந்தபோது, ஆறு மணிக்கு" என்பார்கள். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்டால்தான், இரவு இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு நன்றாகவே நடந்துபோய்ப் படுத்தார் என்பது மனைவியின் வாயிலிருந்து வரும், கணக்கு அந்த இரண்டு மணியிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அந்த உறவினரை அட்மிஷன் கவுன்டருக்கு அனுப்பாமல், வீட்டு மாத்திரைப் பையுடன் ஸ்கேன் அறை வரை அழைத்துச் செல்லுங்கள். முன்பணம், காப்பீட்டு அட்டை போன்றவற்றை வேறொரு ஊழியர் பார்த்துக்கொள்ளட்டும். பணம் கட்டும்வரை ஸ்கேனும் ஊசியும் காத்திருக்கக் கூடாது என்பதை நிர்வாகம் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. வாய்மொழி உறுதி இரவுப் பணியில் செல்லுபடியாவதில்லை.

பின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவமனை, நோயாளியை வந்த ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோய், மருந்தையும் அங்கேயே கொடுத்து, நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்து ஊசி ஏறும் வரையான நேரத்தின் இடைநிலை அளவை 2011-இல் 20 நிமிடங்களாகக் குறைத்தது. இங்கும் அதைச் செய்ய முடியும். எடையும் சர்க்கரையும் வழியிலேயே பார்க்கப்பட வேண்டும். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழ் இருக்க வேண்டும். ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டியபின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர், ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர் தவிர மற்றவர்களுக்குச் சர்க்கரை அளவு ஒன்றே போதும். மற்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்காக ஊசியை நிறுத்திவைக்க வேண்டாம்.

பெரிய ரத்தக்குழாய் அடைப்பு எனில், ரத்தக்கட்டியை ரத்தக்குழாய் வழியே அகற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஊசி போடும்போதே அழைப்பு போய்விட வேண்டும். மாலை நேரத்து அண்ணா சாலையில் வண்டி நிற்கும் நேரத்தை நாம் குறைக்க முடியாது. ரெஃபரல் கடிதம் எழுதும் நேரத்தைக் குறைக்கலாம்.

ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் ஒரே செவிலியர் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவர வேண்டும். அந்தக் குறிப்பை வாரம் ஒரு முறை, காவலரிலிருந்து மருத்துவர் வரை எல்லோரையும் உட்காரவைத்து, யார் மீதும் பழி போடாமல் படியுங்கள். ஒத்திகையை ஆள் குறைவான இரவுப் பணியின்போது நடத்துங்கள்.