நிலநடுக்கப் பதிவை மாடலுக்குள் போடும் முன்

கணினியில் போட்ட கட்டட மாடலை, உண்மையான நிலநடுக்கத்தில் கருவி பதிந்த நில முடுக்கத்தால் ஆட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நம் மாணவர்கள் முதலில் தேடிப் போவது எல் சென்ட்ரோ பதிவைத்தான். 1940 மே 18 அன்று கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு குலுங்கியபோது கிடைத்தது. அதன் வடக்கு-தெற்கு உச்ச முடுக்கம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 0.35 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்பார், இன்னொருவர் 0.32 என்பார், பியர் (PEER) என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் தரவுத்தளத்தில் புதிய பதிப்பை எடுத்தவர் 0.28 என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒளிப்படத் தாளில் விழுந்த கோட்டை எண்களாக்கிய முறையும் அதை வடிகட்டித் திருத்திய முறையும் பதிப்புக்குப் பதிப்பு வேறு. ஆகவே ரிப்போர்ட்டில் 'எல் சென்ட்ரோ, 1940' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பதிப்பு என்பதும் வேண்டும்.

அடுத்தது அலகு. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் அமைத்த கே-நெட் வலையமைப்பின் ஃபைலைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் முழு எண்கள் இருக்கும். அவை முடுக்கம் அல்ல. ஃபைலின் தொடக்கப் பகுதியான ஹெடரில் '3920(gal)/6182761' என்பதுபோல ஒரு பின்னம் இருக்கும். அதால் பெருக்கி, சராசரியையும் கழித்தால்தான் 'கால்' (gal, அதாவது செ.மீ/விநாடி²) என்ற அலகில் முடுக்கம் வரும் (1 ஜி என்பது சுமார் 981 கால்). கருவிக்குக் கருவி இந்தப் பின்னம் மாறலாம் என்பதால் ஒரு ஃபைலில் பார்த்ததை எல்லாவற்றுக்கும் போடக் கூடாது. பதிவு உண்மையில் தொடங்கிய நேரம் வேண்டுமென்றால், அதே ஹெடரில் உள்ள பதிவு நேரத்திலிருந்து 15 விநாடி கழிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

பெரிய தவறு சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். கால் எண்ணை மீ/விநாடி² என்று கொடுத்தால் நூறு மடங்கு ஆட்டம். மாடலே கந்தலாகிவிடும், நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள். ஜி-யில் உள்ள ஃபைலை மீ/விநாடி² என்று கொடுப்பதுதான் ஆபத்து. ஆட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடும், கட்டடம் 'பாஸ்' ஆகிவிடும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

திருத்தப்படாத பதிவை இரண்டு முறை தொகையீடு செய்து இடப்பெயர்ச்சி எடுப்பதும் வேண்டாத வேலை. அடிக்கோட்டில், அதாவது முடுக்கத்தின் பூஜ்ய நிலையில், உள்ள சிறு பிசகே வளர்ந்து, நிலம் எங்கோ நகர்ந்து போனதாகக் காட்டும். சரி, வடிகட்டிய பதிவை எடுத்தால் கவலை இல்லையா? அதற்கும் எல்லை உண்டு. நம்பத்தகுந்த மிகக் குறைந்த அதிர்வெண் 0.5 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், 3 விநாடி அலைவு நேரம் (ஒரு முறை போய்வர ஆகும் நேரம்) கொண்ட உயரக் கட்டடத்துக்கு அந்தப் பதிவு உதவாது.

என்னைக் கேட்டால், அதிகம் பேர் தவறவிடுவது கருவி எங்கே இருந்தது என்பதைத்தான். 1967 டிசம்பர் 11 கொய்னா பதிவு, இந்தியாவில் அணை ஆய்வு என்றாலே வந்து நிற்பது. அது பதிவானது திறந்த நிலத்தில் அல்ல, அணைக்குள் இருக்கும் காலரி என்ற நடைவழியில். அணையின் சொந்த அசைவும் அதில் கலந்திருக்கிறது. 0.63 ஜி என்று எல்லோரும் சொல்லும் உச்சம்கூட அணையின் நீளவாக்கில் வந்தது. குறுக்கே சுமார் 0.49. 2001 பூஜ் நிலநடுக்கத்தின் அகமதாபாத் பதிவும் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் எடுத்ததுதான். 1971 சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் 1.1 ஜி-யைத் தாண்டிய பகோய்மா அணைப் பதிவோ, அணைக்கு மேலே ஒரு பாறை முகட்டில் வைத்த கருவி தந்தது. ஜப்பானின் இன்னொரு வலையமைப்பான கிக்-நெட்டில் ஒரே நிலையத்தில் இரண்டு கருவிகள்: ஃபைல் பெயர் 1-இல் முடிந்தால் ஆழ்துளைக்குள், பெரும்பாலும் 100 மீட்டரோ அதற்கும் கீழோ; 2-இல் முடிந்தால் தரைமட்டம். இரண்டையும் குழப்பினால் மண் அடுக்குகளின் விளைவு முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

உச்ச முடுக்கத்தை மட்டும் பார்த்துப் பதிவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இரண்டு ஊர்களைச் சொல்லலாம். 2011-இல் ஜப்பானின் சுகிதாதேயில் சுமார் 2,700 கால் பதிவானது; சுற்றியிருந்த கட்டடங்களுக்குப் பெரிய சேதமில்லை, ஆட்டத்தின் வலு மிகக் குறுகிய அலைவு நேரங்களில் இருந்தது. 1985-இல் மெக்சிகோ நகரின் ஏரிப்படுகை மண்ணில் பதிவானது சுமார் 0.17 ஜி மட்டுமே. ஆனால் 2 விநாடி அலைவு நேரத்தில் நீண்டு நின்ற ஆட்டம் அது. நடுத்தர உயரக் கட்டடங்கள் பல சரிந்தன.

அப்புறம் பெருக்கல். 5 ரிக்டர் நடுக்கத்தின் பதிவை எட்டால் பெருக்கினால் 7.5 கிடைக்காது. உச்சம்தான் உயரும், ஆட்டம் நீடிக்கும் நேரமும் அலைகளின் கலவையும் அந்தச் சிறு நடுக்கத்துடையதாகவே இருக்கும். பெருக்கெண் அவ்வளவு தேவைப்படுகிறதென்றால், வேறு பதிவைத் தேடுங்கள்.