எக்ஸ்ரேயில் தெரியும் காஸ் துணிக்குக் காப்புரிமை: எஃப்.இ.ஆர். வந்தபின் என்ன செய்வது?

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்தில் பேண்டேஜ் துணி ஓடாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அங்கே விசைத்தறி போட்டிருக்கும் என் மாமா, எக்ஸ்ரேயில் தெரியும் அறுவை சிகிச்சைக் காஸ் (ரத்தத்தை உறிஞ்சும் மெல்லிய வலைத்துணி) ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்திலிருந்து, ஆட்சேபங்களை அடுக்கிய முதல் பரிசோதனை அறிக்கை (எல்லோரும் எஃப்.இ.ஆர். என்றுதான் சொல்வார்கள்) வந்ததும், "படிச்சுட்டு என்னன்னு சொல்லு மாப்ள" என்று மதுரைக்கு எனக்குத் தள்ளிவிட்டார். பதிலை நாங்களே எழுதினோம். விண்ணப்பப் படிவங்களான 1, 2-ஐ நிரப்புவதற்கு யூடியூபில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது, அதை இங்கே தொடவில்லை.

பொருள் என்ன என்று மட்டும் ஒரு வார்த்தை. பருத்தியில் இருப்பதும் நம் உடம்பின் சதையில் பெரும்பாலும் இருப்பதும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான். அதனால் வயிற்றுக்குள் தவறி நின்றுவிட்ட காஸ் எக்ஸ்ரேயில் சதையோடு சதையாகக் கலந்துவிடும். பேரியம் சல்ஃபேட் கலந்த பிளாஸ்டிக் இழை ஒன்றை உள்ளே வைத்தால் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பேரியத்தின் அணு எண் 56, எக்ஸ்ரேயை நன்றாக உறிஞ்சும். சல்ஃபேட்டாக இருக்கும்போது நீரில் கரையாது, உடம்பில் சேராது. அந்த இழை நீலமாக இருப்பது ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களின் கண்ணுக்காக. எக்ஸ்ரேக்கு நீலமும் ஒன்றுதான் பச்சையும் ஒன்றுதான், ஆனால் வாங்க வருகிறவர்கள் "நீலக் கோடு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மாமாவின் யோசனை இதுதான்: வெறும் பேரியம் இழை விறைப்பானது. துணியை வெட்டினால் ஓரத்தில் நழுவி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பருத்திப் புரியோடு (முறுக்கு நூலோடு) முறுக்கி ஊடையாக (குறுக்கு நூலாக) விட்டால் புரி பாவு (நெடுக்கு) நூலைப் பற்றிக்கொள்ளும்.

படி 1: தேதியைப் பாருங்கள்

எஃப்.இ.ஆர். வெளியிடப்பட்ட நாளிலிருந்து பதிலுக்கு 6 மாதம். படிவம் 4 போட்டுக் கட்டணம் கட்டினால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். அதையும் விட்டால் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 21-இன்படி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இன்னும் எஃப்.இ.ஆர். வரவே இல்லை என்கிறவர்கள் பரிசோதனை கேட்கும் படிவம் 18 கொடுத்தீர்களா என்று பாருங்கள். பரிசோதனை கேட்டால்தான் நடக்கும். 2024 மார்ச் 15 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு அதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரில் போடும் சிறு தொழில்காரர்கள் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றோடு படிவம் 28 கொடுத்தால் அதே சலுகை உண்டு.

படி 2: மேற்கோள் ஆவணங்களை முழுதாகப் படியுங்கள்

அறிக்கையில் டி1, டி2 என்று பழைய காப்புரிமைகளைக் காட்டியிருப்பார்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுத உட்காராதீர்கள். உரிமைக்கோரல்கள் (எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகள்), படங்கள், விளக்கம் எல்லாம் வேண்டும். படிக்க கூகுள் பேட்டன்ட்ஸ்தான் சுகம், சீன ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும் கையோடு வருகிறது. தேடுவதற்கு எனக்கு ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளம்தான். 'காஸ்', 'ஸ்பான்ஜ்', 'ஸ்வாப்', 'மாப்', 'பேட்' என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதால் சொல்லை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்: அறுவை சிகிச்சைத் துடைப்பான்களுக்கு ஏ61எஃப் 13/36, எக்ஸ்ரேயில் தெரியும் பொருள் வைத்தவற்றுக்கு ஏ61எஃப் 13/44. இந்திய விண்ணப்பங்களுக்கு நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளம். அதன் கேப்சா பொறுமையைச் சோதிக்கும், ஆனால் வேறு வழியில்லை.

படி 3: அம்ச அட்டவணை

எல்லோரும் மாட்டுவது இங்கேதான், நானும் அதிக நேரம் உட்கார்ந்தது இதில்தான்.

எங்களுக்கு வந்த ஆட்சேபம் சுருக்கமாக இப்படி: காஸில் பேரியம் இழை வைப்பது டி1-இல் இருக்கிறது, ஒரு இழையைப் பருத்தியால் சுற்றி முறுக்குவது டி2-இல் இருக்கிறது, துறை தெரிந்த ஒருவர் இரண்டையும் சேர்த்திருப்பார், ஆகவே பிரிவு 2(1)(ஜேஏ)-இன்படி புதுமைப் படி (இன்வென்டிவ் ஸ்டெப்) இல்லை. இதைப் படித்ததும் கை தானாக எழுதுவது, "எங்கள் பொருள் மிகவும் தரமானது, விலை மலிவு, மருத்துவமனைகள் விரும்புகின்றன". அது பதிலே இல்லை. பொருளாதார முக்கியத்துவம் சட்டத்தின் வரையறையில் உண்டுதான். ஆனால் துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாதது என்பதையும் கூடவே காட்டியாக வேண்டும்.

இலவச அட்டவணை மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்காதீர்கள். முதல் நெடுவரிசையில் உங்கள் உரிமைக்கோரல் 1-ஐத் துண்டு துண்டாக உடைத்து எழுதுங்கள்: உறிஞ்சும் பருத்திக் காஸ், பேரியம் சல்ஃபேட் கலந்த இழை, அந்த இழையைச் சுற்றிய பருத்திப் புரி, அது ஊடையாக நெய்யப்பட்டிருப்பது, புரி பாவு நூலைப் பற்றுவது. அடுத்த நெடுவரிசைகளில் டி1, டி2. ஒவ்வொரு கட்டத்திலும் உண்டு, இல்லை என்று எழுதி, உண்டு என்றால் எந்தப் பக்கம், எந்த வரி என்று குறியுங்கள். சந்தேகமான கட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக எழுதாதீர்கள், பரிசோதகர் அந்த வரியைப் படித்திருப்பார்.

எங்கள் அட்டவணையில் இரண்டு ஆவணத்திலும் 'உண்டு' விழாமல் நின்றது கடைசி வரிசை, அதாவது புரி பாவு நூலைப் பற்றுவது மட்டும். டி1-இல் இழையைத் துணிமேல் சூட்டில் ஒட்டியிருந்தார்கள், வெட்டினால் நழுவும் பிரச்சினையே அங்கே எழவில்லை. டி2 மருத்துவத் துணியே இல்லை, பருத்தி சுற்றியது தொடுவதற்கு மென்மையாக இருக்கத்தான். பதிலின் முதுகெலும்பு இதுதான்: டி1-ஐக் கையில் வைத்திருப்பவர் டி2-ஐத் தேடிப் போகக் காரணம் எதுவும் இல்லை.

பலனையும் காட்ட வேண்டும். வெறும் இழை வைத்த துணியையும் முறுக்கிய இழை வைத்த துணியையும் ஒரே அளவில் வெட்டி, இழையைப் பிடித்து இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். உறிஞ்சுதிறன் கெடவில்லை என்றும் காட்டுங்கள். மருந்தியல் தரநூல்படி உறிஞ்சும் பருத்தி 10 நொடிக்குள் நீரில் மூழ்க வேண்டும், அதை ஒட்டி உங்கள் துணியைச் சோதிக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஏஎஸ்டிஎம் எஃப்640 என்ற தரச் சோதனை முறை இருக்கிறது. தெரிந்த ஸ்கேன் சென்டரில் துணியை மேசையில் போட்டு எடுத்த படம் செல்லாது, உடம்பின் தடிமனுக்கு ஈடாக ஏதாவது நடுவில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: "விண்ணப்பத்தில் அளவு எதுவும் தரவில்லை, இப்போது சேர்க்கலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விவரக்குறிப்புக்குள் (விண்ணப்பத்தோடு கொடுத்த முழு விளக்கத்துக்குள்) புதிய விஷயத்தை நுழைக்க முடியாது, பிரிவு 59 தடுக்கிறது. ஏற்கெனவே எழுதியிருக்கும் பலனுக்கு ஆதாரமாகச் சோதனை முடிவைத் தனியாகப் பதிலோடு வைக்கலாம். 'நழுவாது' என்ற ஒரு வரிகூட மூலத்தில் இல்லையென்றால் கஷ்டம். இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் சோதனையை முடித்துவிட்டுப் போடுங்கள். அதுவரை சாம்பிளை வாங்குபவர் கையில் கொடுப்பது, வாட்ஸாப் குரூப்பில் படம் போடுவது எதுவும் வேண்டாம், புதுமை அங்கேயே போய்விடும்.

படி 4: பிரிவு 3(எஃப்)

தெரிந்த பொருள்களைச் சேர்த்து அடுக்கியது மட்டுமே, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது என்பது இந்த ஆட்சேபம். எக்ஸ்ரே காஸுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பருத்தி உறிஞ்சுகிறது, பேரியம் தெரிகிறது, அவ்வளவுதானே என்பார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று சார்ந்து வேலை செய்வதைக் காட்டுங்கள். எங்கள் விஷயத்தில் புரி இல்லாமல் இழை நிற்காது, இழை இல்லாமல் புரிக்கு அங்கே வேலையே இல்லை. இழுவிசை அளவு இங்கேயும் உதவியது.

படி 5: உரிமைக்கோரலைச் சுருக்குவது

மாமாவுக்குத்தான் இது வலித்தது. "எக்ஸ்ரேயில் தெரியும் எந்த உறிஞ்சும் துணியும்" என்று அகலமாகக் கேட்டிருந்தோம். "ஊடையாக நெய்யப்பட்ட, பருத்திப் புரி முறுக்கிய இழை" என்று சுருக்கினோம். மூல விவரக்குறிப்பில் இருப்பதற்குள்தான் சுருக்கலாம், அகட்ட முடியாது. மாற்றிய பக்கத்தில் திருத்தம் தெரியும்படி ஒரு பிரதி, சுத்தமான பிரதி ஒன்று, இரண்டும் கொடுங்கள். எல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும், தறிக்கூடத்து நோட்டில் தமிழில் எழுதிய அளவுகளை மொழிபெயர்க்க நேரம் ஒதுக்குங்கள்.

படிவம் 3 (வெளிநாட்டு விண்ணப்ப விவரம்), கையெழுத்து, பக்க எண் மாதிரியான முறைமை ஆட்சேபங்களைக் கடைசியில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

படி 6: விசாரணை

பதில் திருப்தி தராவிட்டால் விசாரணைக்கு அழைப்பு வரும், வீடியோவில் நடக்கும். விண்ணப்பதாரரோ பதிவு பெற்ற காப்புரிமை முகவரோ வழக்கறிஞரோதான் பேச வேண்டும். அதனால் மாமா பேசினார், நான் பக்கத்தில் அட்டவணையோடு உட்கார்ந்திருந்தேன். பேசியதை எழுத்தில் கொடுக்க விசாரணை நாளிலிருந்து 15 நாள் உண்டு. பேச்சில் ஒத்துக்கொண்ட திருத்தம் எதுவோ அது எழுத்திலும் அப்படியே இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.