இளங்கலை ப்ராஜெக்ட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

"சேலம் மாநகரைச் சிறப்பாகக் கொண்டு, இணையவழியில் பொருள் வாங்குவோரின் மனநிறைவு: ஓர் ஆய்வு." வணிகவியல் துறை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ப்ராஜெக்ட் அறிக்கைகளில் எதை உருவினாலும் தலைப்பு ஏறக்குறைய இதுதான். ஊர்ப் பெயர் மாறும், பொருளின் பெயர் மாறும், மற்றதெல்லாம் சீனியர் கொடுத்த வேர்டு ஃபைல். நுண்ணுயிரியல் பக்கம் போனால் ஏதோ ஓர் இலையின் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்த்திருப்பார்கள். தமிழ்த் துறையில் "குறுந்தொகையில் உவமைகள்", "குறுந்தொகையில் இயற்கை", "குறுந்தொகையில் பெண்கள்". துறை எதுவானாலும் கோளாறு ஒன்றுதான்: தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. பிறகு வருகிற தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் இதில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவோம்.

உங்கள் கையில் இருப்பது கேள்விதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. விடை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வர வாய்ப்பு இருக்க வேண்டும், எது வரும் என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். "குறுந்தொகையில் உவமைகள்" என்றால் என்ன விடை வரும்? உவமைகள் இருக்கின்றன என்று வரும், அது படிக்காமலே தெரியும். அதையே, பாலைத் திணைப் பாடல்களில் தலைவி சொல்லும் உவமைகளும் தோழி சொல்லும் உவமைகளும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்படுகின்றனவா என்று கேட்டால் இப்போது வேலை இருக்கிறது. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், அதில் பாலை மட்டும் என்று பிரித்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் முடிகிற அளவு, விடை எப்படி வந்தாலும் எழுத விஷயம் இருக்கும். வணிகவியலிலும் அப்படித்தான். மனநிறைவை விட்டுவிட்டு, செயலியில் காய்கறி வாங்க ஆரம்பித்துவிட்ட வீடுகள் எந்தெந்தக் காய்க்கு மட்டும் இன்னும் உழவர் சந்தைக்குப் போகின்றன, ஏன் என்று கேட்டுப் பாருங்கள், வினாத்தாளே வேறு மாதிரி வரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது கெட்டிக்கார மாணவர்கள் செய்வது. காலநிலை மாற்றம் தமிழக விவசாயத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆரம்பிப்பார்கள். நான்கு மாதம், கையில் காசு இல்லை, இடையில் இரண்டு உள் தேர்வு. ஒரு ஊர், ஒரு ஏரி, ஒரு பயிர் என்று சுருக்கினால் ஆய்வு சிறுத்துப்போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. சின்னதாக எடுத்தால்தான் முடியும்.

அடுத்தது, முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் இறங்குவது. பார்ப்பவர்களும் பெரும்பாலும் சீனியர் அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தைத்தான் பார்க்கிறார்கள், அந்த சீனியர் அவருடைய சீனியரிடமிருந்து எடுத்தது அது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆய்வேடுகளைத் திறந்து முறையியல் அத்தியாயத்தை மட்டும் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். பழைய பாடநூலை மட்டும் நம்புவதும் இதே வகைதான். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தபோது, மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் வானியற்பியலாளராகப் பெயர்பெற்ற எஸ். சந்திரசேகர் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலைக் கரைத்துக் குடித்திருந்த பையனிடம், அதெல்லாம் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்லி, இன்னும் அச்சுக்குப் போகாத தன் கட்டுரையின் மெய்ப்பையும் கொடுத்தார் சோமர்ஃபெல்டு. அதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது, பட்டம் வாங்குவதற்கு முன்பே. எல்லாரும் சந்திரசேகர் ஆகப்போவதில்லை, ஆனால் விவரம் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்பதற்கு மேதையாக இருக்கத் தேவையில்லையே.

இந்த இடத்தில் சாட்ஜிபிடி பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. சந்தேகம் கேளுங்கள், வாக்கியத்தைத் திருத்தச் சொல்லுங்கள், அது உங்களுக்கும் உங்கள் துறைக்கும் உள்ள ஏற்பாடு. மேற்கோள் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு, நிஜமாக இருக்கிற ஆசிரியர் பெயரும் இதழ் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் போட்டுக் கச்சிதமாகக் கொடுத்துவிடும். வைவாவில் தேர்வாளர் அதில் ஒன்றைத் தட்டிப் பார்த்தால் போதும், நீங்கள் நேர்மையாகச் செய்த மற்ற வேலையையும் யாரும் நம்பமாட்டார்கள். நீங்களே திறந்து படிக்காத எதையும் பட்டியலில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, தரவுக்கு வருவோம். கூகுள் ஃபார்ம் தயாரித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அத்தை மகன், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரையும் நிரப்பச் சொல்லி 120 பேர் சேர்ந்ததும், "சேலம் மாநகர நுகர்வோர்" என்று எழுதுகிறோம். அவர்கள் சேலம் நுகர்வோர் இல்லை, உங்கள் போனில் நம்பர் இருப்பவர்கள். இதைச் சொன்னால் உடனே "அப்போ 300 பேர் எடுத்துடறேன் சார்" என்று பதில் வரும். எண்ணிக்கை வேறு பிரச்சினை. குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்த 100 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு (விடை எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) கூட்டியோ குறைத்தோ 10 விழுக்காடு அளவில் வரும், 385 பேர் என்றால் 5 விழுக்காடு. இந்தக் கணக்கெல்லாம் குலுக்கல் நடந்திருந்தால் மட்டும்தான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பதில் வாங்கி லாண்டன் என்ற வேட்பாளர் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தார்கள், பதில் போடுகிற மனநிலையில் இருந்தவர்கள் மட்டும் பதில் போட்டார்கள். ஆக, 120 பேரைத்தான் பிடிக்க முடிந்தது என்றால் அதில் தப்பில்லை, அவர்கள் யார், எப்படிக் கிடைத்தார்கள் என்று எழுதிவிட்டு முடிவையும் அவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எங்கள் கல்லூரி விடுதி மாணவிகள் 60 பேர்" என்பது கௌரவமான மாதிரி. ஊர்ப் பெயரைப் போட்டுப் பெரிதாக்கும்போதுதான் அது பொய்யாகிறது.

அப்புறம் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) போடுவது. வயதுக்கும் மனநிறைவுக்கும், படிப்புக்கும் மனநிறைவுக்கும், திருமண நிலைக்கும் மனநிறைவுக்கும் என்று இருபது அட்டவணை. உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும், 5 விழுக்காடு வரம்பு வைத்து ஒன்றையொன்று சாராத இருபது சோதனை செய்தால் ஒன்றாவது "குறிப்பிடத்தக்க தொடர்பு" என்று வருவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் விளக்கம் எழுதுவார்கள், "திருமணமானவர்கள் இணையத்தில் அதிகம் திருப்தி அடைகிறார்கள், ஏனெனில்..." என்று. எதைச் சோதிக்கப்போகிறோம் என்பதைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் பல கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் அந்தச் சோதனையின் முடிவை நம்ப முடியாது; எத்தனை கட்டங்களில் அப்படி இருக்கிறது என்பதை எஸ்பிஎஸ்எஸ் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, நாம்தான் அதை வெட்டிவிட்டு ஒட்டுகிறோம்.

இலைச்சாறு ஆட்களுக்கு வேறு சிக்கல். எத்தனாலில் சாறு எடுத்து, காகித வில்லையை அதில் நனைத்துக் கிருமி பூசிய அகார் தட்டில் வைத்தால் சுற்றிலும் தெளிந்த வட்டம் வருகிறது. கொன்றது இலையா, எத்தனாலா? வெறும் எத்தனாலில் நனைத்து அதே போலக் காயவைத்த ஒரு வில்லையும், தெரிந்த ஆன்டிபயாடிக் வில்லை ஒன்றும் (இவைதான் கட்டுப்பாட்டு வில்லைகள்) பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரே தட்டில் மூன்று வில்லை வைத்துவிட்டு "மூன்று முறை செய்தோம்" என்று எழுதுவதும் ரொம்ப சகஜம். சாறு ஒன்று, கிருமிக் கரைசல் ஒன்று, நாள் ஒன்று, ஆகவே அது ஒரு முறைதான். வேறு நாளில், புதிதாக வளர்த்த கிருமியை வைத்துத் திரும்பச் செய்தால்தான் இரண்டாவது முறை. வட்டம் பெரியதாக இருக்கும் சாறுதான் வீரியமானது என்று ஒப்பிடுவதும் தவறு, அகாரில் சில சேர்மங்கள் சுலபமாகப் பரவும், சில பரவாது.

அதோடு, அது எந்தச் செடி? கீழாநெல்லி என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் பில்லாந்தஸ் அமாரஸோடு அதன் உறவுச் செடிகளும் கலந்து வரும். பூவோ காயோ உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ கொடுத்து அடையாளம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இலையை அரைத்த பிறகு போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இலக்கியம், வரலாறு படிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்குச் சோதனைக்கூடம் இல்லை, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் செடி மாதிரிதான் பதிப்பு. குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பித்தார், 1937இல் உ.வே.சா. பதிப்பித்தார், பாட வேறுபாடுகள் இருக்கின்றன. ஏதோ ஒரு தளத்திலிருந்து பாடலை நகலெடுத்து ஒட்டிவிட்டு ஒரே ஒரு சொல்லின் மேல் வாதத்தைக் கட்டினால், அந்தச் சொல் வேறு பதிப்பில் வேறாக இருக்கும்போது கட்டடம் இறங்கிவிடும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 முதல் செய்துவரும் வேலை பெரிய வரம், தேடுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள். மேற்கோள் காட்டும்போது அச்சுப் பதிப்போடு ஒத்துப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளின் படிமங்களே கிடைக்கின்றன, பழைய பத்திரிகைகள் வேண்டும் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆவணக் காப்பகங்களுக்குப் போகிறவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள், போன முதல் நாளே எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று திட்டம் போடாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் மாணவர்களும் கைடுகளும் சேர்ந்தே கோட்டை விடுகிறார்கள். உடல்நலம், மனநலம் பற்றி மனிதர்களிடம் கேள்வி கேட்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வர வேண்டும், தரவு சேர்த்த பிறகு முன்தேதி போட்டு வாங்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை; முதலாம் ஆண்டு வகுப்பிலேயே 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. விலங்கியல் மாணவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவில் வலையில் ஏறும் கடல் அட்டை, கடல்குதிரையெல்லாம் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மீனவர் ஒருவர் பாசமாகக் கொடுத்தார் என்று பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தால் அது ஸ்பெசிமன் இல்லை, வழக்கு.

எல்லாம் முடிந்ததும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களிடமிருந்து மின்னஞ்சல் வரும், "டியர் புரொஃபசர்" என்று உங்களையே விளித்து. மூன்று நாளில் பிரசுரம், சான்றிதழ் இலவசம், கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள், அது இதழுக்கான அடையாள எண், தரச் சான்று கிடையாது. "யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது" என்று இன்னமும் விளம்பரம் செய்கிறார்கள், அது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த தரமான இதழ்களின் பட்டியல், அதையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்படி ஒரு இதழில் போட்ட கட்டுரையைப் பிறகு நல்ல இதழுக்கும் அனுப்ப முடியாது, ஒரு முறை வெளியானது வெளியானதுதான். இளங்கலையில் பிரசுரம் கட்டாயமே இல்லை. துறைக் கருத்தரங்கில் ஒரு சுவரொட்டி வைத்து நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது அதைவிட எவ்வளவோ மேல்.

எழுத்துத் திருட்டு பற்றி ஒரு வரி: யுஜிசியின் 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்று இருப்பதை, 10 விழுக்காடு திருடலாம் என்று படிக்கிறார்கள். சொற்களை மாற்றிப் போடும் மென்பொருளில் ஓட்டி விழுக்காட்டைக் குறைத்த அறிக்கையைப் படித்தாலே தெரிந்துவிடும், "செயற்கை நுண்ணறிவு" என்பது "போலிப் புத்திசாலித்தனம்" ஆகியிருக்கும். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குபவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, இரண்டாவது ஸ்லைடிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

எதிர்பார்த்தது வரவில்லை என்றால் எண்ணைத் திருத்திவிடுகிற பழக்கம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாமலே நடக்கிறது. சாறு கிருமியைக் கொல்லவில்லையா, கட்டுப்பாட்டு வில்லைகள் சரியாக வேலை செய்தனவா என்று பார்த்துவிட்டு, கொல்லவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக மதிப்பெண் குறைக்கும் தேர்வாளரிடம் வாதாடுவதற்கு உங்கள் ரெக்கார்ட் நோட்டு இருக்க வேண்டும், தேதி போட்டு, அடித்தலோடு, அன்றன்றைக்கு எழுதியது. கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டு எதற்கும் உதவாது.

அறிவியல் மாணவர்களுக்கு இன்னொன்று. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கொடுக்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை பற்றி ஏப்ரலில் வந்து விசாரிக்கிறார்கள். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அதற்குள் போய்ச் சேர வேண்டும், ஏன் அங்கே வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று நீங்களே எழுத வேண்டும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்குக் கொடுக்கும் சிறு நிதிக்கும் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே கைடைப் போய்ப் பாருங்கள், கையில் தலைப்போடு இல்லை, கேள்வியோடு.