மார்க், பஸ், கோட்டா: மாணவர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று காலையில் பிள்ளை இருக்கும் வீட்டில் போன் ஓயாது. பெரியம்மா கேட்பார், அப்பாவின் ஆபீஸ் நண்பர் கேட்பார், வருடம் முழுக்கப் பேசாத எதிர்வீட்டு அங்கிளும் கேட்பார். "எவ்வளவு?" எண்ணைச் சொன்ன அடுத்த நொடியே தீர்ப்பும் வந்துவிடும். "இன்னும் கொஞ்சம் கவனமா படிச்சிருக்கலாம்." "போன் பார்த்தா இப்படித்தான்." அந்தப் பிள்ளை எந்த குரூப், அடுத்து என்ன படிக்க ஆசைப்படுகிறது, வீட்டில் அந்த வருடம் என்ன நடந்தது, எதுவும் கேட்டவருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் மாணவர்கள் அன்றாடம் சந்திக்கும் எரிச்சல்களில் பாதி இந்த வகைதான். கண்ணில் படும் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு, காரணம் கேட்காமலேயே குணத்தை முடிவு செய்துவிடுகிறோம். பெற்றோர், ஆசிரியர், சொந்தக்காரர், பஸ் கண்டக்டர், கூடப் படிப்பவர் என்று எல்லோரும் செய்யும் தவறு இது. அடிக்கடி நடக்கும் சிலவற்றையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விவரங்களையும் சொல்கிறேன். விவரம் தெரிந்தால் பேச்சு மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் கேட்பது

முதலில் ஒரு பழைய குழப்பம். "நான் ஆயிரத்துக்கு மேல வாங்கினவன்" என்று மாமாக்கள் சொல்வது உண்டு. அப்போது ஒரு பாடத்துக்கு 200, மொத்தம் 1200. 2019 பொதுத்தேர்விலிருந்து ஒரு பாடத்துக்கு 100, மொத்தம் 600. 540 என்று கேட்டதும் சிலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் அவர்கள் மனதில் இன்னும் 1200 ஓடுவதுதான். பழைய கணக்கில் அது 1080.

அதைவிடப் பெரிய தவறு, மொத்தத்தை வைத்து இரண்டு பிள்ளைகளை ஒப்பிடுவது. பொறியியல் கலந்தாய்வில் பார்ப்பது கட்ஆஃப். கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50, ஆக மொத்தம் 200. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவி தமிழில் 98, ஆங்கிலத்தில் 96, கணிதத்தில் 85, இயற்பியலில் 88, வேதியியலில் 92, உயிரியலில் 98 வாங்கியிருக்கிறாள். மொத்தம் 557. இன்னொரு மாணவன் தமிழ் 82, ஆங்கிலம் 78, கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 95, உயிரியல் 88. மொத்தம் 534. தெருவில் முதல் மாணவிதான் கெட்டிக்காரி. கட்ஆஃபில் அவளுக்கு 175, அவனுக்கு 191.5. பொறியியல் கலந்தாய்வில் அவனுக்கு முன்னால் இடம். சட்டம் படிக்கவோ தமிழ் இலக்கியம் படிக்கவோ போகிறாள் என்றால் அவளுக்கு இந்த 175 பெரிய பொருட்டே இல்லை. மருத்துவம் என்றால் இரண்டு பேருக்கும் நீட் மதிப்பெண்தான் வரிசையை முடிவு செய்யும். ஒரே எண்ணுக்கு இத்தனை அர்த்தம் இருக்கும்போது, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு யார் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு வரும் மன அழுத்தம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் ஃபிளெக்ஸ் போர்டுகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களிலும் ரேங்க் பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கிறது. குடும்ப குரூப்பில் ஒரு பிள்ளையின் மார்க்கைப் போடும் முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஃபெயில் ஆனவர்களைப் பற்றிய பேச்சு இன்னும் கொடுமை. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70-க்கு. அதில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 முழுதாக வாங்கி, எழுத்தில் 14 எடுத்தால் கூட்டுத்தொகை 44 வரும். ஆனாலும் தேர்ச்சி இல்லை. ஒரே ஒரு மார்க்கில் நின்றுபோன பிள்ளையையும் "படிக்காத பிள்ளை" என்றே சொல்கிறோம். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேர வழி இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போன் செய்கிறவர் இந்த விவரத்தைச் சொன்னால் உபகாரம். பிள்ளை பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், தனியாக விடாமல் கூட இருங்கள். மருத்துவ உதவி எண்ணான 104-லும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

"ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கலையா?"

பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்த பிள்ளையிடம் இப்படிக் கேட்பது ஆறுதல் மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது அவமதிப்பு. அது விரும்பி எடுத்த பாடமாக இருக்கலாம் என்ற எண்ணமே கேட்பவருக்கு வருவதில்லை. சி.ஏ. படிப்பின் கடினம் தெரிந்தவர்கள் யாரும் வணிகவியலை இளக்காரமாகப் பேச மாட்டார்கள். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்கள் நிலைமை இதைவிட மோசம், அவர்களிடம் என்ன படிக்கிறாய் என்றுகூட யாரும் கேட்பதில்லை. "ஏன் இந்த குரூப்?" என்பதற்குப் பதில் "இதுல உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்

"படியில் தொங்கிட்டு வர்ற பொறுக்கிப் பசங்க." மாணவர்களைப் பற்றிப் பொது இடத்தில் அதிகம் கேட்கிற வசவு இதுவாகத்தான் இருக்கும். படியில் தொங்குவது உயிருக்கு ஆபத்து, அதில் இரண்டு பேச்சில்லை. விளையாட்டுக்காகத் தொங்குகிறவர்களும் உண்டு, அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் காலை எட்டு, எட்டரைக்கு ஒரு கிராமத்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அந்த நேரத்துக்கு ஒரே பஸ். முந்தின ஊர்களிலேயே நிரம்பி வருகிறது. அதை விட்டால் அடுத்த பஸ் வரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். உள்ளே போக இடமில்லை, ஏறாமல் இருக்கவும் முடியாது. அந்தப் பையன் படியில் நிற்பதை வைத்து அவன் குணத்தை எப்படிச் சொல்வது?

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பஸ்ஸில் இலவசப் பயணம். அந்த வருடத்துப் பாஸ் கைக்கு வரும்வரை சீருடையே போதும் என்று பள்ளி திறக்கும்போது போக்குவரத்துத்துறை அறிவிப்பது வழக்கம். இருந்தும் சீருடைக் கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்தம் தாண்டிப்போய் நிற்கிற பஸ்கள் இருக்கின்றன. பையைச் சுமந்துகொண்டு ஓடுவார்கள், ஓட முடியாத சின்னப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஏறினாலும் "ஓசி" என்று ஒரு சொல் காதில் விழும். எல்லா ஓட்டுநர், நடத்துநரும் அப்படி இல்லை. ஓடிவரும் பிள்ளைக்காகக் காத்திருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. ஆனால் அந்தச் சலுகைக் கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது, அந்தப் பிள்ளை யார் வீட்டுக் காசையும் எடுக்கவில்லை என்பது பஸ்ஸில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

அப்புறம் பள்ளிக்கு வந்து சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பது. தாமதத்துக்குக் காரணம் பஸ்ஸா, தூக்கமா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். ஒரே தடத்தில் வரும் பிள்ளைகள் தொடர்ந்து தாமதமாக வந்தால் பிழை பஸ் நேரத்தில் இருக்கிறது. தலைமையாசிரியரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு, பிள்ளைகள் எண்ணிக்கையையும் பஸ் வரும் நேரத்தையும் குறித்து, பணிமனைக் கிளை மேலாளரிடம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். பிள்ளையைத் திட்டினால் பஸ் முன்னால் வராது.

சலுகையை வசவாக்குவது

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இந்த வழியில் கல்லூரிக்குள் வரும் பிள்ளையை "செவன் பாயிண்ட் ஃபைவ்" என்று கூப்பிடுவது, "கோட்டாவில் வந்தவன்தானே" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது பெரிய தவறு. மருத்துவத்தில் அவர்களும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும், தங்களுக்குள் போட்டி போட்டு முன்னே வந்தாக வேண்டும். லட்சம் கட்டிக் கோச்சிங் போன பிள்ளையும், வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கவில்லை என்பதால்தான் அந்த ஒதுக்கீடு.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் ஆயிரம் ரூபாய், இவற்றைப் பற்றிய கேலியும் இதே ரகம். தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்தவர் முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால் அது அறிவுக் குறைவு ஆகாது. பாடம் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம் என்று இரண்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும் பதிலைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தாலே அந்த மாணவர்கள் வகுப்பில் வாயைத் திறப்பார்கள்.

பள்ளியில் நடக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உதவித்தொகைப் படிவம் வந்தால் வகுப்பில் நின்று "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்பது. சொல்கிற ஆசிரியருக்கு அது அலுவல் வேலை. எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அன்றைக்கு எல்லோர் பார்வையும் மாறுகிறது. நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களைச் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. படிவத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க ஒரு இடைவேளை போதும்.

சோம்பேறி, நடிப்பு, திமிர்

இந்த மூன்று சொற்களையும் பயன்படுத்தும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம். வாயால் கேட்டால் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுதும்போது எழுத்துகளை மாற்றிப் போட்டால், அது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. "சோம்பேறி" என்று ஐந்து வருடம் சொல்லிவிட்டுப் பத்தாம் வகுப்பில் சான்றுக்கு அலைவதைவிட, மூன்றாம் வகுப்பிலேயே பார்ப்பது நல்லது.

வயிற்று வலி என்று சொல்லும் மாணவியிடம் "நடிக்காதே" என்பதும், கழிப்பறைக்குப் போக அனுமதி மறுப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. முடி வெட்டு சரியில்லை என்று வகுப்பிலேயே கத்தரி எடுப்பதும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்போது

பெற்றோர் செய்யும் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. "சார் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டார்" என்று பிள்ளை ஆரம்பித்ததும், "நீ என்ன பண்ணின?" என்று முதல் கேள்வி போடுகிறோம். பேச்சு அங்கேயே நின்றுவிடும், அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, பள்ளிக்குப் போய் ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். பாதி விஷயம் அங்கேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் தேதியும் சொன்ன வார்த்தையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. தவறாக எடைபோடுகிறவரிடம் கோபத்தில் பதில் பேசினால், அதுவே "பார், இவன் இப்படித்தான்" என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள்: "எங்க ஊருக்கு எட்டரைக்கு ஒரே பஸ்தான் சார், அது இன்னைக்கு நிக்கல." கேட்காவிட்டால் நம்பிக்கையான வேறு ஆசிரியரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அவமானப்படுத்துவதோ மிரட்டுவதோ தொடர்ந்தால், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ நேரடியாகவே அழைக்கலாம். பெற்றோர் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.